குறுக்கே போட்ட தழை

நரிக்கரட்டுக்குப் பெயரில்தான் நரி. கல்லுடைக்கிறவர்கள் பாதி மலையைத் தின்று தீர்த்தார்கள். மீதிப் பாதியை ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு மீட்டு, வேலி அடைத்து, காப்புக்காடு என்று பலகை வைத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. யாரும் நடாமலே உசிலையும் வெப்பாலையும் வந்து நின்றுகொண்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியப்பட்டவர்கள் அங்கே நடக்கலாம். ஏறி இறங்க இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

கூட்டிக்கொண்டு போகிறவர் அங்கயற்கண்ணி டீச்சர். வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துவார். காட்டில் எதையும் நடத்த மாட்டார். கேட்டால் பதில் சொல்வார். அதையும் பாதிதான் சொல்வார்.

அவரிடம் காடு கற்றுக்கொள்ள வந்து சேர்ந்த நல்லசிவத்துக்கு அறுபத்திரண்டு. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுக்காரியிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று தெருவில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எதிலும் தான்தான் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்கிற குணம், சட்டைப் பையில் பேனா மாதிரி, எங்கே போனாலும் கூடவே வந்தது.

கூட நடந்தவர்கள் மூன்று பேர். மருந்துக்கடை காதர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் பிருந்தா, அப்புறம் லூர்துசாமி.

லூர்துசாமி சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்றே முப்பது வருஷத்தை ஓட்டியவர். நல்லசிவத்தின் ஸ்டேஷனை அவருடைய ரயில் கடக்கும்போதெல்லாம் பிளாட்பாரத்திலிருந்து இவர் பச்சைக்கொடி காட்டுவார், கடைசிப் பெட்டியிலிருந்து அவரும் காட்டுவார். கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் முழுசாகப் போயிற்று என்று எழுத வேண்டும். அதனால் நல்லசிவம் அதுவரை நகர மாட்டார். கொடியில் தொடங்கிய சிநேகிதம் அது. இப்போது இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு.

லூர்துசாமி ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்கில் சுக்குக்காப்பி கொண்டுவருவார். இரண்டு டம்ளர் கொண்டுவருவார். ஒன்று அவருக்கு, ஒன்று நல்லசிவத்துக்கு. மற்றவர்கள் பிளாஸ்க் மூடியில் குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்கு வலது முட்டி மடங்காது. மெதுவாகத்தான் ஏறுவார்.

"நீ என்னைக்கும் கடைசிப் பெட்டிதான்டா" என்பார் நல்லசிவம்.

"இன்ஜினுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு இன்ஜினுக்கு எங்க தெரியும்" என்பார் லூர்துசாமி.

காட்டுக்குள் அம்புக்குறியோ பலகையோ கிடையாது. டீச்சர் விட மாட்டார். பாதை மூன்று இடத்தில் இரண்டாகப் பிரியும். அங்கெல்லாம், போகக்கூடாத பாதையின் குறுக்கே ஒரு தழையைப் போடுவது முன்னால் போகிறவர் வேலை. காற்றில் பறக்காமல் காம்பின் மேல் ஒரு கல்லையும் வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் தழை கிடக்கிற பக்கம் போகாமல் மற்றப் பக்கம் வருவார்கள். கடைசி ஆள் குனிந்து கல்லை நகர்த்தித் தழையைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆள் நடந்த அடையாளம் காட்டில் தங்காது. முன்னால் டீச்சர் போவார், கடைசியில் காதர் வருவார்.

புறப்படும் முன் டீச்சர் அடிவாரத்து வேலியில் ஆடாதோடைத் தழை நாலைந்து ஒடித்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வார். வழியில் போடுவது அந்தத் தழையைத்தான். மலை முழுக்க மரம் நிற்கும்போது அடிவாரத்திலிருந்து எதற்குச் சுமந்துகொண்டு போக வேண்டும்? ஒரு வருஷம் பார்த்தும் நல்லசிவம் கேட்கவில்லை. ஆடாதோடை இருமலுக்கு நல்லது. டீச்சருக்கு இருமல் இருக்கும், பொறுக்கி வந்த தழையை வீட்டில் கஷாயம் வைப்பார் போல என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். ஒரு பெண்ணிடம் போய் அதையெல்லாம் கேட்பது நாகரிகமில்லை என்றும் நினைத்துக்கொண்டார்.

அவர் கேட்டது வேறு.

"டீச்சர், முன்னால போறதுக்கு என்ன தெரியணும்?"

டீச்சர் தழைப்பையை நீட்டினார். "இதைப் பிடிங்க சார்."

பிடித்துக்கொண்டார். உச்சி வரைக்கும் பிடித்துக்கொண்டே போனார். பதில் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் கேட்டார். "எனக்கு வழி பூரா மனப்பாடம் டீச்சர். கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவேன்."

"கண்ணைக் கட்டிக்கிட்டவர் எதுக்கு சார் முன்னால போகணும்?"

லூர்துசாமி கெக்கெக்கென்று சிரித்தார். நல்லசிவத்துக்குச் சுருக்கென்றது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. அடிவாரத்தில் டீச்சர் முழங்கை வரை மண்ணோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வளர்க்கும் நாற்றுப் பைகளை அன்றைக்கே மாற்றி வைக்க வேண்டும்.

"இன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க சார்."

நல்லசிவத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. "நானா?"

"நாலு பேர் போறீங்க. நாலு பேர் வாங்க."

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான்."

வேலியில் தொங்கிய துணிப்பையை டீச்சர் கண்ணால் காட்டினார். தழை ஏற்கெனவே ஒடித்துப் போட்டிருந்தது.

"எதுக்கு டீச்சர் சுமை? மேல இல்லாத தழையா?"

டீச்சர் நாற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லசிவம் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வருஷம் அடக்கி வைத்த நடை. காதரும் பிருந்தாவும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். முதல் பிரிவில் கைக்கு எட்டிய உசிலைக் கிளையை ஒடித்துக் குறுக்கே போட்டு, சட்டமாகக் கல்லும் வைத்தார். இரண்டாவது பிரிவிலும் அப்படியே. லூர்துசாமி வெகுதூரம் பின்தங்கிவிட்டார்.

"கடைசியில அண்ணன் வர்றாரு. அவரால குனிஞ்சு பொறுக்க முடியாதே?" என்றார் காதர்.

"இறங்கும்போது நாம பொறுக்கிக்கலாம். நட."

மூன்றாவது பிரிவில் வலப்பக்கம் உச்சிக்குப் போகிறது. இடப்பக்கம் பழைய கல்குழி. அந்தப் பக்கம் பாதை நல்ல பாதை மாதிரிதான் தெரியும், தழை கிடக்காவிட்டால் பழகினவர்களுக்கும் சட்டென்று தட்டுப்படாது. ஐம்பது அடி போனதும் சரளைச் சரிவு. இறங்கிவிடலாம், ஏற முடியாது. அங்கே நல்லசிவம் மற்ற இடங்களைவிடப் பெரிய தழையாகப் பார்த்து ஒடித்துப் போட்டார். கல்லும் பெரிய கல்.

உச்சிக்கு ஐம்பது நிமிஷத்தில் போய்விட்டார்கள். டீச்சர் கூட்டிப்போனால் ஒன்றேகால் மணி ஆகும். நல்லசிவம் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை மற்றவர்களுக்கும் காட்டினார்.

அரை மணி ஆயிற்று. லூர்துசாமி வரவில்லை.

"அண்ணன் போன்ல கூப்பிட்டுப் பாக்கலாமா?" என்றார் காதர்.

"அவன் மலைக்குப் போன் கொண்டுவர மாட்டான். வருவான்."

காற்றில் எங்கோ கீழேயிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

"என்ன சார் அது?" என்றாள் பிருந்தா.

"குருவி. இந்தச் சீசன்ல இப்படித்தான் கத்தும்" என்றார் நல்லசிவம். ஏதோ ஒரு குருவியின் பெயரைக்கூடச் சொன்னார்.

மறுபடியும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"முட்டி வலின்னு திரும்பியிருப்பான். கீழ டீச்சர்கிட்ட உக்காந்து சுக்குக்காப்பி குடிச்சுக்கிட்டிருப்பான், பாருங்க."

இறங்கினார்கள். மூன்றாவது பிரிவில் தழை இல்லை. கல் மட்டும் ஓரமாகப் புரண்டு கிடந்தது.

"பாத்தியா, பொறுக்கிட்டான். இதுவரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கான்."

"லூர்து சாருக்குத்தான் குனிய முடியாதே?" என்றாள் பிருந்தா.

"தடியால தள்ளி எடுத்திருப்பான்."

அவள் இடப்பக்கப் பாதையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நல்லசிவம் நடந்துவிட்டார். அவளும் நடந்தாள். அடுத்த இரண்டு பிரிவிலும் தழை போட்டது போட்டபடி கிடந்தது. திரும்பிப் போகிறவனுக்கு அதையெல்லாம் எடுக்கச் சோம்பல் என்று நல்லசிவம் சொன்னார். அவரே இரண்டையும் பொறுக்கிக்கொண்டார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

அடிவாரத்தில் டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். காதர். பிருந்தா. நல்லசிவம். அதற்குப் பின்னால் பாதை சும்மா கிடந்தது.

"லூர்துசாமி சார்?"

காதரும் பிருந்தாவும் நல்லசிவத்தைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் இருளாயி மேற்கேயிருந்து வேகமாக வந்தாள். கீழ்ச்சரிவில் பன்னிரண்டு ஆடு மேய்த்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறவள். "டீச்சரு, கல்குழிப் பக்கம் யாரோ விசில் ஊதுறாங்க. ரொம்ப நேரமா ஊதுனாங்க. இப்பச் சத்தத்தைக் காணோம்" என்றாள்.

நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. முப்பது வருஷம் கேட்ட விசில். ரயில் புறப்படும் முன் லூர்துசாமி ஊதுகிற விசில். அதை ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் வைத்திருப்பார் என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும்.

அதைத்தான் குருவி என்று சொன்னார்.

டீச்சர் திட்டவில்லை. தண்ணீர்க் குடத்தில் கையைக் கழுவவும் இல்லை. கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு அப்படியே ஏறினார்.

லூர்துசாமி குழிக்குள் பாறை நிழலில் சாய்ந்திருந்தார். சரளையில் சறுக்கி இரண்டு முழங்காலும் தோல் உரிந்து கிடந்தன. சர்க்கரைக்காரர். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி கையில் இருந்ததால் சர்க்கரை இறங்கி மயக்கம் போடாமல் தப்பித்தார் என்று காதர் பிற்பாடு சொன்னார். ஒரு டம்ளர் குழியின் அடியில் தேங்கிய தண்ணீரில் உருண்டு போய்விட்டது. இன்னொன்று மடியில் இருந்தது.

கயிற்றைப் பிடித்து மேலே ஏற்றினார்கள். நல்லசிவம் கை கொடுத்தார். லூர்துசாமி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிடிக்கவும் இல்லை, கயிற்றையே பிடித்துக்கொண்டு ஏறினார்.

அதன் பிறகு இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கேன்" என்பார், உள்ளே போய்விடுவார். சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது நல்லசிவத்துக்கு. சோறு இறங்கவில்லை. உள்ளதைச் சொன்னால், மனைவி தவறியதற்குப் பிறகு அவருக்கு வாய்விட்டுப் பேச ஒரே ஆள் லூர்துசாமிதான். அந்த ஆள் போய்விடுவான் போலிருந்தது.

டீச்சரிடம் போய் நின்றார்.

"நான் தழை போட்டேன் டீச்சர். சத்தியமாப் போட்டேன். கல்லும் வெச்சேன்."

"தெரியும் சார்."

"அப்ப தழை எங்க போச்சு?"

டீச்சர் எழுந்து நடந்தார். போகிற வழியில் உசிலைக் கொம்பு ஒன்று, வேலியிலிருந்து ஆடாதோடைக் கொம்பு ஒன்று ஒடித்தார். இருளாயியின் ஆடுகள் கூடியிருந்த இடத்துக்குப் போய் இரண்டையும் நல்லசிவத்தின் இரண்டு கையில் கொடுத்தார்.

"நீட்டுங்க."

நீட்டினார். வலக்கை உசிலை கண்மூடித் திறப்பதற்குள் வெறும் குச்சியாயிற்று. இடக்கைத் தழையை ஒரு குட்டி மட்டும் வந்து முகர்ந்தது. தும்மிவிட்டுப் போயிற்று.

இருளாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உசிலையைப் பாத்தா என் ஆடு கல்லையும் புரட்டிப் போட்டுட்டுல்ல தின்னும் சாமி. அன்னைக்கு வெயிலுக்கு முன்னாடி கல்குழிப் பக்கமா மேல வரைக்கும் ஏறிடுச்சுக. இது உங்களுக்குத் தெரியாதா?"

நல்லசிவத்துக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. குற்றம் அகப்பட்டுவிட்டது. ஒரு இலை அளவுக் குற்றம். திருத்திவிடலாம்.

வேலியில் ஒரு கைப்பிடி ஆடாதோடை ஒடித்துக்கொண்டு நேராக லூர்துசாமி வீட்டுக்குப் போனார். லூர்துசாமி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"லூர்து, விஷயம் தெரிஞ்சுபோச்சுடா. நான் போட்டது உசிலை. ஆடு தின்னுருச்சு. இதைப் போட்டிருந்தா ஆடு தொட்டிருக்காது. இனிமே இதுதான். டீச்சர் காட்டிக் குடுத்துட்டாங்க."

லூர்துசாமி தழையைப் பார்த்தார். தைலப் புட்டியை மூடினார்.

"தழையைப் பத்தி நான் எதுவும் கேக்கலையே சிவம்."

"பின்ன?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில நின்னேன். ஒருநாள்கூட நீ என்னைப் பாக்காம உள்ள போனதில்ல."

நல்லசிவத்துக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அன்றைக்கு விசில் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் "உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கையில் தழை அப்படியே இருந்தது. அதைத் தெருமுனையில் போட்டுவிட்டு டீச்சரிடம் மறுபடி போனார்.

"தழையைப் பத்தி அவன் கேக்கலைங்கிறான் டீச்சர். நான் என்ன செய்யணும்?"

டீச்சர் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விட்டு முடித்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்க கடைசியில வர்றீங்க. நாங்க கிளம்பி இருபது நிமிஷம் கழிச்சு ஏறுங்க. தழை பொறுக்குறது உங்க வேலை."

"முன்னால நீங்களா?"

"லூர்துசாமி சார்."

"அவன் வருவானா?"

"கேட்டேன். வர்றேன்னாரு."

அந்த ஞாயிறு நல்லசிவம் வெறும் துணிப்பையோடு அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தார். லூர்துசாமி அவரைப் பார்க்காமலே முன்னால் போய்விட்டார். தடி ஊன்றுகிற சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. கடிகாரத்தில் இருபது நிமிஷம் நகர்வதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுந்தார்.

தனியாக ஏறும்போது காடு வேறு மாதிரி இருந்தது. மனப்பாடமான பாதைதான். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் யாராவது தெரிகிறார்களா என்று கண் தேடிற்று. கடைசியில் வருவது இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அதுவரைக்கும் தெரியாது.

முதல் பிரிவுக்கு வந்தார். தழை இல்லை. குனிந்து தேடினார். கல்லும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், வலப்பக்கப் பாதையின் மேட்டில் லூர்துசாமி நின்றிருந்தார். இவர் பார்த்ததும் அவர் திரும்பி நடந்தார்.

'தழை போட மறந்துவிட்டான்' என்று நினைத்தார் நல்லசிவம். லேசாக ஒரு திருப்திகூட இருந்தது. அவனை ஒட்டிக்கொண்டு நடக்கப் பிடிக்காமல் ஒரு பாறையில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு ஏறினார்.

இரண்டாவது பிரிவிலும் தழை இல்லை. அங்கேயும் லூர்துசாமி நின்றிருந்தார். வெயில் முகத்தில் அடித்தது, துண்டைத் தலையில் போட்டிருந்தார். வெகுநேரமாக நிற்கிறார் என்பது தடியை இடக்கைக்கு மாற்றியதில் தெரிந்தது. இவர் கண்ணில் பட்டதும் மறுபடி திரும்பி நடந்தார்.

நல்லசிவத்துக்கு இப்போது கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறான். என்னைக் குத்திக்காட்டத்தான் நிற்கிறான். நான் செய்யாததைச் செய்து காட்டுகிறான். இத்தனை வருஷப் பழக்கத்தில் இப்படி ஒரு வன்மம் இருக்குமா? யோசித்துக்கொண்டே நின்று நின்று ஏறினார்.

மூன்றாவது பிரிவு வந்தது.

லூர்துசாமி மேட்டில் இல்லை. இடப்பக்கம், கல்குழிப் பாதையின் வாயில், நடுப்பாதையில் நின்றிருந்தார். தடியை முன்னால் ஊன்றி இரண்டு கையையும் அதன் மேல் வைத்திருந்தார். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள் போலிருக்கிறது. இந்தத் தடவை அவர் திரும்பி நடக்கவில்லை.

நல்லசிவம் பக்கத்தில் வந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு உன் விசில் எனக்குக் கேட்டுச்சு லூர்து."

லூர்துசாமி கல்குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குருவின்னு சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"காத்து உன் பக்கமாத்தான் அடிச்சுது. கேக்காம இருக்காது."

நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது, ஆனால் அது ஏற்கெனவே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் வந்து நிற்கிறான்.

"நட" என்றார் லூர்துசாமி. "வெயில் ஏறுது."

சேர்ந்து ஏறினார்கள். லூர்துசாமியின் நடைக்கு நல்லசிவம் நடந்தார். அந்தப் பாதையில் இடப்பக்கம் ஒரு வெப்பாலை பூத்திருந்ததை ஒரு வருஷமாக அவர் பார்த்ததில்லை. லூர்துசாமி தடியால் சுட்டிக் காட்டினார்.

உச்சியில் பிருந்தா எழுந்து நின்று எண்ணினாள். காதர் பாறையில் மல்லாந்து கிடந்தார். லூர்துசாமி பிளாஸ்கைத் திறந்தார். பையிலிருந்து பழைய டம்ளரை எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார். புதுசு. ஒட்டியிருந்த லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. அதில் ஊற்றி நல்லசிவத்தின் பக்கம் தள்ளினார்.

நல்லசிவம் அதை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த டீச்சரிடம் போனார். துணிப்பையை அவர் முன்னால் வைத்தார். பை காலியாக இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"மூணு பிரிவிலயும் அவன் ஒரு தழைகூடப் போடலை. எனக்காக வெயில்ல நின்னான். முதல்ல என்னைக் குத்திக்காட்டத்தான் நிக்கிறான்னு நினைச்சேன். அப்புறம், என்னை மன்னிச்சுட்டான், அதுக்குத்தான் நிக்கிறான்னு நினைச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டுல எது?"

டீச்சர் லூர்துசாமியைப் பார்த்தார். அவர் காதருக்குப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார், காலை நீட்டியபடி.

"அவருக்குக் குனிய முடியாது சார். அதனால நின்னாரு."